நிலத்தின் மேல் மின்கம்பி: இழப்பீடு யாருக்கு, எவ்வளவு?

ஆண்டர்சன்பேட்டைக்காரர்களுக்கு உயரழுத்த மின்கம்பி புதிய காட்சி அன்று. 1902ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று, காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்கவயலின் சுரங்கங்களை வந்தடைந்தது. இடையில் இருந்த தொலைவு 92 மைல், அதாவது ஏறக்குறைய 148 கிலோமீட்டர். அக்காலத்தில் உலகின் மிக நீளமான மின்தடங்களுள் அதுவும் ஒன்று. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் காலத்தில் தொடங்கிய இத்திட்டத்தை வகுத்தவர் ஜோலி டி லாட்பினியர் என்னும் பொறியாளர். மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. பெங்களூர் நகரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905இல்தான். இந்தப் பெருமையை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் கேட்கலாம்.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதையில் வேறொரு பகுதிதான் கண்ணில் படுகிறது. அருவியின் பக்கம் மைசூர் அரசுக்கு வருவாய். சுரங்கத்தின் பக்கம் ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு மலிவான ஆற்றல். இரண்டுக்கும் நடுவே 92 மைல் நீளத்துக்குக் கேழ்வரகுக் கொல்லைகளும் புளியந்தோப்புகளும் கிராமங்களும் இருந்தன. அவற்றின் தலைக்கு மேல் போன மின்சாரம் அவற்றுக்கு உரியதாக இல்லை. நாடு விடுதலை பெற்ற ஆண்டில்கூட இந்தியா முழுவதும் மின்வசதி பெற்றிருந்த கிராமங்கள் ஏறக்குறைய 1,500 மட்டுமே. மின்தடத்தின் வரவு இரு முனைகளிலும் சேர்கிறது. செலவின் ஒரு பகுதியோ நடுவில் இருப்பவர் தலையில் விழுகிறது. நூறாண்டு கழிந்தும் இந்த அமைப்பு மாறவில்லை.

நம் கோலார் மாவட்டம் இன்றும் அத்தகைய ஒரு முனை. ஒடிசாவின் தால்செரிலிருந்து ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் கடந்து வரும் 500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் 2003இல் கோலாரில் வந்து முடிந்தது. அங்கிருந்து 400, 220 கிலோவோல்ட் தடங்கள் பல திசைகளிலும் பிரிகின்றன. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகப் பெருகப் புதிய தடங்களும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே, நம் கிளைக்கு வரும் விவசாய வாடிக்கையாளர்களும் ஊர் ஓரத்தில் மனை வாங்கி வைத்திருப்பவர்களும் இந்த விஷயத்தைக் கம்பி வருவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது.

நிலம் உங்களுடையதே

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். நெடுஞ்சாலைக்கோ ரயில் பாதைக்கோ அரசு நிலம் எடுத்தால் அது கையகப்படுத்துதல்; நிலம் உங்கள் பெயரிலிருந்து போய்விடும். மின்தடத்துக்கு நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை. கோபுரத்தின் நான்கு கால்கள் உங்கள் வயலில் ஊன்றியிருந்தாலும், பஹணியில் உங்கள் பெயரே இருக்கும். நிலவரியும் நீங்களே கட்ட வேண்டும். மின்நிறுவனத்துக்குக் கிடைப்பது பயன்பாட்டு உரிமை மட்டுமே.

இதற்கு அடிப்படையாக இருப்பது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம். விரல் பருமனுள்ள தந்திக் கம்பியை மரக்கம்பத்தில் கட்டிக்கொண்டு போவதற்காக எழுதப்பட்ட சட்டம் அது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, தந்தி அதிகாரிக்கு இருந்த அதே அதிகாரங்களை மின்தடம் அமைப்பவருக்கு வழங்க அரசுக்கு இடமளிக்கிறது. தந்திச் சட்டத்தை நீக்கிப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல் வந்தபோதும், மின்தடங்களைப் பொறுத்தவரை பழைய சட்டத்தின் அந்தப் பகுதி தொடரும் என்று தனியே எழுதி வைத்தார்கள். தந்தி போய்விட்டது, தந்திச் சட்டம் மட்டும் நம் வயல்களின் மேல் இன்னும் நிற்கிறது.

இந்த அதிகாரம் பெற்ற நிறுவனம் நில உரிமையாளரின் முன்சம்மதத்தைப் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் தடுத்தால், மாவட்ட நடுவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர், நம் வழக்கில் டி.சி., அனுமதி வழங்கலாம். அதன் பிறகும் தடுப்பது குற்றமாகிவிடும். இதை நான் எழுதுவது யாரையும் அச்சுறுத்த அன்று. வேலியில் நின்று வாதாடிச் செலவழிக்கும் ஆற்றலை, அதே சட்டம் தரும் இன்னோர் உரிமையின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்காகவே. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு, இயன்ற அளவு குறைந்த சேதத்துடன் வேலையைச் செய்ய வேண்டும் என்றும், ஏற்பட்ட சேதத்துக்கு நிலத்தில் உரிமையோ நலனோ உள்ள அனைவருக்கும் முழு இழப்பீடு தர வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அனைவருக்கும், முழு: இந்த இரண்டு சொற்களிலும்தான் நமக்கு வேலை இருக்கிறது.

164ஆம் பிரிவின் அதிகாரம் இல்லாமல் சாதாரண உரிமதாரராக ஒரு நிறுவனம் கம்பி இழுத்தால் நிலைமை வேறு. அப்போது நில உரிமையாளரின் சம்மதம் தேவை. மறுத்தால் ஆட்சியரின் எழுத்துபூர்வமான அனுமதி தேவை. இழப்பீட்டுத் தகராறு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகும். ஆகவே அளவைக்காரர்கள் கொடியும் சுண்ணாம்பும் கொண்டு உங்கள் நிலத்துக்கு வரும் நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எவ்வளவு தருவீர்கள்?' என்பதன்று. 'தடம் யாருடையது? எந்த ஆணையின் கீழ் வருகிறீர்கள்?' என்பதே. அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோபுரமா, வழித்தடமா?

நெடுங்காலமாக இந்த நாட்டில் மின்தடத்துக்கு இழப்பீடு என்றால் பயிருக்கும் மரத்துக்கும் மட்டுமே. அழிந்த தக்காளிக்கு ஒரு தொகை, வெட்டிய மாமரத்துக்கு ஒரு தொகை, அவ்வளவே. நிலத்தின் மதிப்பு குறைந்ததே என்று கேட்டால் வழக்காடித்தான் பெற வேண்டியிருந்தது. 2007இல் உச்ச நீதிமன்றம், கேரள மின்வாரியத்துக்கும் லிவிஷா என்பவருக்கும் இடையிலான வழக்கில், இழப்பீட்டுக்கு ஒரே வாய்பாடு பொருந்தாது என்றது. நிலம் எங்கே அமைந்துள்ளது, கம்பி எவ்வளவு தூரத்தில் செல்கிறது, ஓரமாகப் போகிறதா நிலத்தின் நடுவில் பிளந்துகொண்டு போகிறதா, மிச்ச நிலத்தைப் பயன்படுத்த முடிகிறதா ஆகியவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விளக்கியது.

மத்திய மின்துறை அமைச்சகம் 2015 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்தான் நிலமதிப்பை முதன்முறையாக விகிதக் கணக்கில் கொண்டுவந்தன. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள தடங்களுக்கு, கோபுரத்தின் அடித்தளப் பரப்புக்கு நிலமதிப்பில் 85 சதவீதம். கம்பிகளின் கீழுள்ள வழித்தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூன் 14 அன்று இவை திருத்தப்பட்டன. அடித்தளத்துக்கு 200 சதவீதம். வழித்தடத்துக்கு 30 சதவீதம். நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்த்து அடித்தளத்தை அளக்க வேண்டும் என்பதும் அப்போது வந்தது. 2025 மார்ச்சில் வந்த துணை வழிகாட்டுதல்கள், மாநிலங்களுக்கிடையிலான தடங்களுக்கு வழித்தட விகிதத்தை இடத்துக்கேற்பப் பிரித்தன. ஊரகப் பகுதிக்கு 30, நகராட்சிப் பகுதிக்கு 45, மாநகராட்சி மற்றும் பெருநகரப் பகுதிக்கு 60 சதவீதம். ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் எல்லைக்குள் வருவது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கிராமத்தின் விகிதம் வேறாக இருக்கும்.

பயிர், மர இழப்பீடு இவற்றுக்குப் புறம்பானது. ஒன்றைத் தந்துவிட்டு மற்றொன்றும் அதில் அடக்கம் என்று சொல்வதற்கு இடமில்லை.

200 சதவீதம் என்றதும் பலருக்கும் கண் கோபுரத்தின் மேல்தான் போகிறது. எதில் 200 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஓர் எடுத்துக்காட்டு. ஏக்கர் 20 இலட்சம் ரூபாய் என்று நிலமதிப்பை வைத்துக்கொள்வோம். 40 குண்டே ஓர் ஏக்கர் என்பதால் குண்டே 50,000 ரூபாய். ஒருவர் நிலத்தில் கோபுரம் வருகிறது. கால்களுக்கு இடையே 9 மீட்டர். பக்கத்துக்கு ஒரு மீட்டர் கூட்டினால் 11க்கு 11, அதாவது 121 சதுர மீட்டர், ஏறக்குறைய 1.2 குண்டே. மதிப்பு 60,000 ரூபாய். 200 சதவீதம் 1,20,000 ரூபாய். பழைய 2015 கணக்கில் 81 சதுர மீட்டருக்கு 85 சதவீதம் என்றால் ஏறக்குறைய 34,000 ரூபாய்தான் வந்திருக்கும்.

இப்போது பக்கத்து நிலத்துக்காரரைப் பாருங்கள். அவர் நிலத்தில் கோபுரமே இல்லை. கம்பி மட்டும் 100 மீட்டர் நீளத்துக்குக் கடக்கிறது. 220 கிலோவோல்ட் தடத்தின் வழித்தட அகலம் 35 மீட்டர். ஆக 3,500 சதுர மீட்டர், ஏறக்குறைய 34.6 குண்டே. மதிப்பு 17,30,000 ரூபாய். 30 சதவீதம் 5,19,000 ரூபாய். கோபுரத்துக்குக் கிடைப்பதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! 66 கிலோவோல்ட்டுக்கு அகலம் 18 மீட்டர், 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர் என்பதையும் குறித்துக்கொண்டால் உங்கள் கணக்கை நீங்களே போடலாம். நிலமதிப்பும் சதவீதமும் அலுவலகத்தில் தீர்மானமாகின்றன. ஆனால் கம்பி உங்கள் எல்லைக்குள் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது உங்கள் வரப்பில் நின்று அளக்கக்கூடிய ஒன்று. ஹத்துபஸ்து எனப்படும் எல்லை அளவீட்டை முன்னதாகச் செய்து வைத்திருப்பவர் இங்கே ஒரு படி முன்னே நிற்கிறார்.

நிலமதிப்பு எது என்பதிலும் கவனம் தேவை. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டும் நம் பழக்கமே அதற்கு ஒரு காரணம் என்பதை வங்கியில் இருப்பவன் சொல்லாமல் இருக்க முடியாது. முத்திரைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த பணம், இழப்பீட்டில் பல மடங்காகக் கழிந்துபோகிறது. 2025 துணை வழிகாட்டுதல்கள் மதிப்பீட்டாளர்களைக் கொண்டு சந்தை மதிப்பை நிர்ணயிக்கக் குழு அமைக்கச் சொல்கின்றன. இவை மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் என்பதையும், மாநிலத்துக்குள் ஓடும் தடங்களுக்கு அந்தந்த மாநிலம் பின்பற்றும் ஆணையே செல்லும் என்பதையும் மறவாதீர்கள். அதனால்தான் தடம் யாருடையது என்று முதலில் கேட்கச் சொன்னேன்.

கணக்கில் வராத இழப்புகள்

வழித்தடத்தில் பயிரிடலாம் என்பது உண்மையே. தக்காளி போடலாம், கேழ்வரகு விதைக்கலாம், கால்நடைத் தீவனம் வளர்க்கலாம். உயரமான மரம் வைக்க முடியாது. வீடோ கொட்டகையோ கட்ட முடியாது. சீனிவாசபுரம் பக்கத்து மாந்தோப்புக்காரருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோலாருக்கே உரிய இன்னோர் இழப்பு உண்டு: ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடிக்கும் கீழே நீர் தேடும் மாவட்டம் இது. உயரழுத்தக் கம்பிக்குக் கீழே துளையிடும் வண்டியின் கோபுரத்தை நிமிர்த்துவது உயிருக்கு ஆபத்து. நீரோட்டம் இருக்கும் இடம் வழித்தடத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால் அந்த நிலத்தின் எதிர்காலமே குறுகிவிடுகிறது. எந்தச் சதவீதத்திலும் இது தனியாகக் குறிப்பிடப்படவில்லை. ஆனால் நீதிமன்றம் பார்க்கச் சொன்ன 'மிச்ச நிலத்தின் பயன்பாடு' என்பதற்குள் இதை வைத்து வாதிடலாம். மனுவில் எழுதினால்தான் வாதிட முடியும்.

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் 2018 இறுதியில் விவசாயிகள் திரண்டது இத்தகைய இழப்புகளை முன்வைத்துத்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரையிலான 800 கிலோவோல்ட் தடம் தென்னந்தோப்புகளின் நடுவே போனது. தென்னை, வழித்தடத்தில் வைத்திருக்க முடியாத மரம். ஒரு தோப்பை வெட்டிவிட்டு அதன் கீழே வேர்க்கடலை போடலாம் என்பது சட்டப்படி சரி; குடும்பத்தின் வரவு செலவில் அது சரியாக வராது. கம்பியைச் சாலையோரமாக நிலத்தடியில் புதைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் அடுத்த தடத்தின் கேரளப் பகுதியில் ஒரு பங்கு நிலத்தடியிலேயே போடப்பட்டிருப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். செலவு பல மடங்கு என்பது மறுபக்கத்தின் பதில். அந்தக் கூடுதல் செலவைத் தவிர்ப்பதால் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியாவது கம்பியைச் சுமப்பவருக்குச் சேர வேண்டாமா என்று கேட்பது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. பிரிட்டனில் கம்பி கடக்கும் நிலத்துக்கு ஆண்டுதோறும் வாடகைபோல ஒரு தொகை தரும் முறையும் இருக்கிறது. நம் நாட்டில் ஒரே முறை தருவதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த ஒரு முறையைச் சரியாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பெயர் யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். அவர் தந்தை சுரங்கத்தில் உழைத்த பணத்தில் வாங்கிய நிலம். கம்பி இழுத்தபோது அழிந்த தக்காளிக்காக அவர் கணக்கில் ஒரு தொகை வரவாகியிருந்தது. அதை வைப்புத் தொகையாகப் போட வேண்டும் என்றார்.

"ஐயா, இது பயிருக்கா, நிலத்துக்கா?" என்று கேட்டேன்.

"கம்பிக்குத்தான் சார். டவர் பக்கத்துக்காரன் நிலத்துல. டவர் இல்லாதவனுக்கு வேற எதுவும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, ஊரில் எல்லாரும் என்றார். அவர் கையெழுத்திட்ட ரசீதின் நகலை வாங்கிப் பார்த்தேன். பயிர்ச் சேதத்துக்கு என்று மட்டுமே அதில் எழுதியிருந்தது. அது அவர் நல்ல காலம். 'எல்லாக் கோரிக்கைகளுக்கும் முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்றொரு வரி இருந்திருந்தால் மேற்கொண்டு வாதாடுவது கடினமாகியிருக்கும். எதற்காகப் பணம் தரப்படுகிறது என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

வழித்தட இழப்பீட்டுக்கு அவர் விண்ணப்பிக்க முனைந்தபோது வேறொரு முட்டுக்கட்டை வந்தது. நிலம் இன்னும் இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருந்தது. உடன்பிறந்தவர்கள் மூவர், அவர்களில் ஒருவர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டார். பௌதி கத்தா எனப்படும் வாரிசுப் பெயர் மாற்றத்தை இருபது ஆண்டுகளாக யாரும் செய்யவில்லை. தந்தையின் பெயரோ ஆவணங்களில் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தது. இது நம் ஊருக்கே உரிய சிக்கல். தமிழில் முனிசாமி என்று இருப்பவர் கன்னடப் பஹணியில் முனிஸ்வாமப்பா ஆகிவிடுவார்; சுரங்கத்தின் பழைய பணிச்சீட்டில் ஆங்கிலத்தில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும். மூவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து, வாரிசுச் சான்றிதழ் பெற்று, பெயர் மாற்றி முடிப்பதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

ஓராண்டு என்பது இங்கே சிறிய காலம் அன்று. இழப்பீட்டுத் தொகை போதாது என்று கருதுபவர் தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். அந்த மனுவுக்குக் காலவரம்புச் சட்டத்தின் 137ஆம் கூறு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1976இலேயே, கேரளத்திலிருந்து வந்த ஒரு மின்தட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கூறு தரும் காலம் மூன்று ஆண்டுகள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையிலேயே அந்த மூன்று ஆண்டுகளும் கரைந்துபோன குடும்பங்கள் உண்டு. மாவட்ட நீதிபதியின் முடிவு இறுதியானது. வழக்கமான மேல்முறையீடு கிடையாது என்பதால் மனுவோடு சேர்க்கும் ஆவணங்களும் முதல் முறையே முழுமையாக இருக்க வேண்டும். பங்கு யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு இருந்தாலும் பணம் திரும்பிப் போய்விடாது. நிறுவனம் அதை நீதிமன்றத்தில் செலுத்திவிட, நீதிபதி பங்கைத் தீர்மானிப்பார். எனவே சகோதரர்களுக்குள் உடன்பாடு வரட்டும் என்று காத்திருக்காமல் மனுவைப் பதிவு செய்துவிடலாம்.

அந்தப் பெரியவர் காலத்துக்குள் மனுச் செய்துவிட்டார். திருப்பத்தூர்த் தம்பியும் வந்து கையெழுத்திட்டார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

நலன் உள்ள அனைவருக்கும் என்று சட்டம் சொல்வதை உரிமையாளர்கள் சில நேரம் மறந்துவிடுகிறார்கள். வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் செய்பவரின் தக்காளி அழிந்தால் அந்த இழப்பு அவருடையது. நம் பகுதியில் வாய்மொழிக் குத்தகையே அதிகம் என்பதால், பயிர்க் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் பயிரிட்டவர் வயலில் இருந்து தம் பெயரை எழுதவைப்பது அவசியம். பயிர் நிற்கும்போதே, தேதி தெரியும்படி புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வங்கியின் பக்கத்திலிருந்து

நிலம் அடமானத்தில் இருந்தால் கம்பி வரும் செய்தியை முதலில் உங்கள் கிளைக்குச் சொல்லுங்கள். பலரும் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். கடனைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். நிலம் உங்கள் பெயரிலேயே தொடர்வதால் அடமானமும் தொடர்கிறது. மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும். இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு அதன் நகலும், கடன் நிலையைக் குறிக்கும் கடிதமும் தேவைப்பட்டால் கிளையில் எழுதிக் கேட்கலாம். நிலமதிப்புக்கான இழப்பீடு வந்தால் அதில் ஒரு பகுதியைக் கடனில் செலுத்துவது பற்றி மேலாளரிடம் பேசித் தீர்மானியுங்கள். ஈடாக வைத்த நிலத்தின் மதிப்பு குறைந்திருக்கிறது என்பது வங்கிக்கும் தெரியும். பயிர்க் கடன் நிலுவையில் இருக்கும்போது பயிர் அழிந்திருந்தால், தவணை நாள் வருமுன்பே வந்து சொல்வது இன்னும் முக்கியம்.

பங்காளிகள் பலராக இருந்தால், ஒருவர் கணக்கில் மொத்தத் தொகையையும் வரவு வைத்துப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்பது வீட்டில் சொல்லும்போது எளிதாக இருக்கும். அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கு நேரே வருவதே நல்லது. கணக்கில் உள்ள பெயரும் பஹணியில் உள்ள பெயரும் ஒத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். வயது வராத பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெயரில் வைப்புத் தொகையாகப் போடலாம்.

வீட்டுக் கடனுக்கு வருவோருக்கு ஒரு சொல். மனை வாங்கும் முன் அண்ணாந்து பாருங்கள். எங்கள் மதிப்பீட்டாளர் பார்ப்பார்; அவர் அறிக்கையில் மனையின் மேல் உயரழுத்தக் கம்பி என்று எழுதினால் கடன் குறையலாம், மறுக்கவும் படலாம். 11 கிலோவோல்ட் கம்பியிலிருந்து கட்டடம் கிடைமட்டமாக 1.2 மீட்டராவது, 33 கிலோவோல்ட் கம்பியிலிருந்து 2 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆண்டர்சன்பேட்டையின் குறுகிய தெருக்களில், கீழ்த்தளம் கட்டும்போது தொலைவில் இருந்த கம்பி, மாடி எழுப்பி முகப்பை நீட்டியதும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுவதைப் பார்க்கிறோம்.

அதிகம் அறியப்படாத ஒரு பிரிவும் இருக்கிறது. தந்திச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, நிலத்தை வேறு வகையில் பயன்படுத்த விரும்பும் உரிமையாளர், கம்பியை அதே நிலத்தின் வேறு பகுதிக்கு மாற்றவோ, உயர்த்தவோ தாழ்த்தவோ கோரலாம். நிறுவனம் இணங்காவிட்டால் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் அவர் முடிவு. முன்பு இழப்பீடு பெற்றிருந்தால், கோரிக்கையோடு உரிமையாளர் கட்ட வேண்டியது மாற்றும் செலவு அல்லது பெற்ற இழப்பீட்டில் பாதி, இவற்றில் எது குறைவோ அது. பெரிய தடங்களை இதன்மூலம் நகர்த்துவது எளிதன்று. சிறிய தடங்களில் நடக்கக்கூடியதே. இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் மகளோ மகனோ அந்த இடத்தில் வீடு கட்ட எண்ணும்போது, இன்று நீங்கள் பெற்ற தொகை எவ்வளவு என்பதற்குச் சான்று கேட்பார்கள். இழப்பீட்டு ரசீதையும், பணம் வரவான பக்கத்தைக் காட்டும் கணக்குப் புத்தக நகலையும் நிலப் பத்திரம் இருக்கும் அதே உறையில் போட்டு வையுங்கள்.